அடுக்களை வரை வந்தவர்

எனக்கு அவரைப் பிடிக்காது. அவர் போட்ட கையெழுத்தில்தான் நான் நர்சிங் படித்தேன். அந்தப் படிப்பில்தான் இன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. இரண்டும் உண்மை. நன்றி இருக்கவேண்டிய இடத்தில் எனக்கு ஆத்திரம்தான் இருக்கிறது, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. வயதில் மூத்தவர் என்பதால் இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். வீட்டில் பேசும்போது அந்த மரியாதையெல்லாம் கிடையாது. பேரைக்கூடச் சொல்லமாட்டோம். 'அந்தம்மா' என்றால் எங்கள் வீட்டில் ஒருவர்தான்.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் உட்காரமாட்டார். வாசலில் செருப்பைக் கழற்றுவார். நாற்காலியைக் காட்டி "இரிங்கம்மா" என்று சொன்னால் காதில் விழாத மாதிரி நேராக அடுக்களைக்குள் போய்விடுவார். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை இருக்கும். அதன் நுனியால் திரைச்சீலையை விலக்குவார். பேனாவின் பின்பக்கத்தால் பாத்திர மூடியை நெம்பிப் பார்ப்பார். அரிசிப் பானை, மாவுச் சட்டி, குழம்புச் சட்டி எதுவும் தப்பாது. விரலால் எதையும் தொடமாட்டார். யாராவது பின்னால் போய் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் திரும்பாமலேயே சொல்வார்.

"எனக்கு ஒண்ணும் சொல்லாண்டாம். அடுக்களையக் காட்டு, போதும்."

பருத்தி வியாபாரத்தில் பணம் பார்த்த ஒரு குடும்பம் பாளையங்கோட்டையில் ஓர் அறக்கட்டளை வைத்திருந்தது. படிக்க வசதியில்லாத பெண்பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டுவார்கள். பணம் அவர்களுடையது. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது மட்டும் அந்தம்மா. அதற்கு முன்னால் அவர் ஏதோ அரசு அலுவலகத்தில் ரேஷன் கார்டு சரிபார்க்கிற வேலையில் இருந்தாராம். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் இருந்து, தனித்தனிக் கார்டு கேட்டால், உள்ளே தனித்தனி அடுப்பு இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்கவேண்டும். அந்தப் பார்வையை முப்பது வருஷம் பார்த்தவருக்கு ஓய்வு பெற்ற பிறகும் அது விடவில்லை. மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு எப்போதாவது இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

எங்கள் வீடு பேட்டையில். அப்பா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டியவர். வலது கையில் இரண்டு விரல் போனபிறகு அதே பட்டறைக்கு வாட்ச்மேன் ஆகிவிட்டார். அம்மா பீடி சுற்றுவாள். நான் பிளஸ் டூவில் நல்ல மார்க்தான் எடுத்திருந்தேன், ஆனாலும் அரசுக் கல்லூரியில் நர்சிங் இடம் கொஞ்சத்தில் தவறிப்போனது. ஒரு தனியார் கல்லூரியில் இடம் இருந்தது. அம்மாவின் கம்மலை அடகு வைத்து முன்பணம் கட்டி, என் அசல் சான்றிதழ்களையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தோம். மாதக் கடைசிக்குள் முதல் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டவேண்டும். கட்டாவிட்டால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும். சான்றிதழ்கள் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று அப்பா கேட்டதற்கு அங்கே இருந்த கிளார்க் சிரித்தார்.

வங்கியில் கல்விக் கடன் கேட்டுப் போனோம். மேனேஜ்மென்ட் சீட்டு என்றால் ஜாமீனுக்குச் சொத்து வேண்டும் என்றார்கள். எங்கள் வீடு வாடகை வீடு. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஓர் உதவித்தொகை உண்டு, ஆனால் அது வரும்போது வரும், அதுவும் நோட்டுப் புத்தகத்துக்குத்தான் காணும். கடைசியில் பள்ளிக்கூடத்து உயிரியல் டீச்சர்தான் அறக்கட்டளையின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போதே, "அங்க இருக்கிற அம்மா கொஞ்சம் ஒரு மாதிரி. பொறுத்துக்கோ" என்றார்.

மாடியில் ஒரே அறை. அவர் மேசைக்கு முன்னால் ஒரு நீள பெஞ்சு. அதில் என்னைப்போல ஏழெட்டுப் பெண்கள். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தால் போதாது, அதில் எழுதியதையெல்லாம் அவர் உரக்கக் கேட்பார், நாமும் உரக்கப் பதில் சொல்லவேண்டும். பக்கத்தில் இருப்பவள் காதில் விழுகிறதே என்று தயங்கினால், "என்னட்டி முனங்குத? சோறு தின்னல்லியா?" என்பார்.

"ஒங்கப்பன் குடிப்பானா?"

"இல்லம்மா."

"குடிக்காதவனுக்கு எப்படிட்டி வெரல் போச்சு?"

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரித்தவள் மேல் எனக்குக் கோபமில்லை, பயத்தில் வருகிற சிரிப்பு அது. நான் அப்பாவுடைய பட்டறையைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார்.

அம்மாவிடம் வந்து சொன்னேன். அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் வீட்டில் கல்யாணக் களை வந்துவிட்டது. நம் வீட்டுக்கு ஒருவர் நல்ல காரியத்துக்காக வருகிறார், அதுவும் படிப்புக்குப் பணம் கொடுக்க வருகிறார், அவரைத் தரையில் உட்காரவைத்து வெறும் தண்ணீர் கொடுத்து அனுப்பமுடியுமா? அம்மாவுக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. எதிர்வீட்டு பாத்திமா அக்காவின் வீட்டுக்காரர் சவுதியில் இருந்தார். அவர்கள் வீட்டிலிருந்து நான்கு நாற்காலி, ஒரு மேசை, மேசை மின்விசிறி, பூப்போட்ட கண்ணாடித் தம்ளர்கள் எல்லாம் வந்தன. தரையில் விரிக்க ஒரு கம்பளம்கூடக் கொடுத்தார்.

"நல்லபடியா வந்துட்டுப் போவட்டும். நான் துஆ செய்யுதேன்" என்றார் பாத்திமா அக்கா. "கம்பளத்துல மட்டும் கொழம்ப ஊத்திராதிய."

வருகிறவர் கறிமீன் சாப்பிடுவாரா என்று தெரியவில்லை. அதனால் அம்மா சொதி வைத்தாள். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற சொதி. நான்கு தேங்காய் துருவி, மூன்று தடவை பால் பிழிந்து, பாசிப்பருப்பு, முருங்கைக்காய் எல்லாம் போட்டு வைக்கவேண்டும். கூடவே இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். அதற்காக அம்மா இரண்டு நாள் கூடுதலாக உட்கார்ந்து பீடி சுற்றினாள். அவள் சுற்றிய பீடிகளைக் கடையில் எப்போதும் கழிவென்று தள்ளமாட்டார்கள், அந்த வாரம் தள்ளினார்கள். அவசரத்தில் கட்டியிருக்கிறாள்.

அந்தம்மா வந்தார். வழக்கம்போல நேராக அடுக்களை. பிறகு இலை போட்டதும், ஆச்சரியம், உட்கார்ந்தார். நன்றாகச் சாப்பிட்டார். "துவையல் இன்னுங் கொஞ்சம் வையி" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "சொதின்னா இதுல்லா சொதி" என்றார். அம்மா முகத்தைப் பார்க்கவேண்டுமே. விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தான் வேர்க்க விறுவிறுக்க நின்றாள். அந்த நாற்காலி, விசிறி, தம்ளர் எதுவும் எங்களுடையது இல்லை என்று யாரும் சொல்லவில்லை. விருந்தாளியை உட்காரவைத்துவிட்டு, நீங்கள் உட்கார்ந்திருப்பது இரவல் நாற்காலி என்று யார் சொல்வார்கள்?

கை கழுவியபிறகு அவர் மறுபடியும் அடுக்களைக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன். மூலையில் கிடந்த தேங்காய்ச் சிரட்டைகளைக் குடையின் நுனியால் தள்ளித் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தார். எட்டுச் சிரட்டை. சிறிய நோட்டு ஒன்றை எடுத்து ஏதோ எழுதினார். "வாரேன்" என்று கிளம்பினார். அம்மா தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. நேரில் விசாரித்ததில் குடும்பம் வசதியாக இருப்பது தெரியவருவதால் உதவி வழங்க இயலாது. அவ்வளவுதான். நான் வாசித்து முடித்ததும் அம்மா கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"கொழம்பு நல்லாருக்குன்னு சொன்னாவளே?"

அன்றைக்கு நான் அழுதது சீட்டுப் போய்விடுமே என்பதற்காக இல்லை.

மறுநாளே மாடிக்குப் போனேன். பெஞ்சில் கடற்கரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஜெனி, என்னைப்போலவே கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போகிறவர். அவளுக்கும் நர்சிங்தான், அதே கல்லூரிதான். "எங்கம்மை இவிய வாராவன்னு சீலா மீன் வாங்கிக் கொழம்பு வச்சுட்டா. இவிய திங்கக்கூட இல்ல. வாசத்த வச்சே எழுதிட்டாவ" என்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் அம்மா பிறந்தது மலைப்பக்கம், அவள் அம்மா கடல்பக்கம், இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்திருக்கிறார்கள்.

நான் அந்தம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். நாற்காலி இரவல், விசிறி இரவல், தேங்காய் கடனுக்கு வாங்கியது.

"அப்போ பொய் வீட்டக் காட்டியிருக்கிய."

"வந்தவங்களுக்குச் சாப்பாடு போட்டது தப்பாம்மா?"

"தப்புன்னு நான் சொன்னேனா? உதவி கேக்குத வீடு உதவி கேக்குத வீடு மாதிரி இருக்கணும். நாளைக்கு முதலாளி வந்து கேட்டா நான் என்னத்தக் காட்டுவேன்? நாலு தேங்காச் செரட்டையையா?"

அவருக்கு இதில் துளியும் சங்கடம் இல்லை என்பதுதான் என்னைக் கொதிக்கவைத்தது. அவர் சாப்பிட்ட சாப்பாட்டைத்தான் அவர் சொல்கிறார். துவையல் கேட்டு வாங்கியவர் அவர். எனக்கு வாய்வரை வந்தது. சான்றிதழ்கள் கல்லூரியில் இருப்பது ஞாபகம் வந்தது. மறுபடி ஒருமுறை வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். ஜெனியும் எழுந்துவந்து என்னோடு சேர்ந்து கெஞ்சினாள்.

"வாரேன். ஆனா சொல்லிட்டு வரமாட்டேன்" என்றார்.

மாதக் கடைசிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

சொல்லாமல் வருகிறவருக்காக ஒரு வீடு எப்படிக் காத்திருக்கும் என்று அந்த நாட்களில் தெரிந்துகொண்டேன். இரவல் சாமான்கள் எல்லாம் எதிர்வீட்டுக்குத் திரும்பிப் போயின. அவற்றோடு சேர்ந்து எங்கள் சாமான்களும் போயின. அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்கு, வெண்கலப் பானை, மிக்ஸி. சுவரில் இருந்த கடிகாரத்தைக்கூட அம்மா கழற்றிக் கொடுத்துவிட்டாள். பாத்திமா அக்கா வாங்கி வைத்துக்கொண்டார். அந்தத் தடவை அவர் துஆ பற்றி எதுவும் சொல்லவில்லை. காலையில் வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவோம், குழம்பு கிடையாது. தாளிக்கிற வாசம் தெருவுக்குப் போய்விடுமே என்று கடுகுகூட வெடிக்கவில்லை. அப்பா இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் சத்தம் போட்டார்.

"என்னளா இது? நாம பிச்சையா எடுக்கோம்? நான் முதலாளிட்ட கேட்டுக்கிடுதேன்."

கேட்டார். முதலாளி கையை விரித்துவிட்டார். அதற்குப் பிறகு அப்பா சத்தம் போடவில்லை. பழைய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

ஐந்தாம் நாள் மலையடிவாரத்துப் பாபநாசத்திலிருந்து மாமா வந்தார். அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். கையில் ஒரு சீப்பு பழமும் கொஞ்சம் பலாச்சுளையும். வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வருவார், வந்தால் அம்மா அவரைச் சாப்பிடாமல் விட்டதே இல்லை. அன்றைக்கு அம்மா அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். பத்தவைக்கவில்லை. பத்தவைத்த நேரம் பார்த்து அந்தம்மா வந்துவிட்டால்? மாமாவுக்கு முன்னால் காரணத்தைச் சொல்லவும் கூச்சம். என்னைக் கடைக்கு அனுப்பி ஒரு டீ வாங்கிவரச் சொன்னாள். மாமா டீயைக் குடித்தார். வெறுமையாகக் கிடந்த அடுக்களையை ஒருமுறை பார்த்தார்.

"ஏ தங்கச்சி, நான் ஏதாவது தப்பாப் பேசிட்டனா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. இன்னைக்கு ஒண்ணும் வைக்கல்ல."

"சரி, சரி. நான் பைய கெளம்புதேன்."

அவர் போனபிறகு அம்மா பலாச்சுளையைப் பாத்திமா அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். பலாச்சுளை வாசம் வீட்டில் இருக்கக்கூடாது இல்லையா? அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. ஒருநாள் போனில் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். "அதுக்கென்னளா, படிப்பு முக்கியம்லா" என்றார். ஆனால் வரவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் அந்தம்மா வந்தார். அம்மா அப்போதுதான் பீடி முறத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட எழுந்திருந்தாள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பேனாவால் மூடியை நெம்பினார். நீச்சத்தண்ணீரில் கிடந்த சோறு, பக்கத்தில் நான்கு உள்ளி, அதாவது சின்ன வெங்காயம். அலமாரியைப் பார்த்தார், காலி. சுவரில் கடிகாரம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. மூலையில் சிரட்டை இல்லை.

திரும்பி எங்களைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"இப்பத்தான் சரியா இருக்கு" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "நீ சாப்பிடல்லியா? சாப்பிடு. நான் பாத்துட்டுப் போறேன்" என்றார்.

அம்மா புரியாமல் நின்றாள். அவர் சிரிக்கவில்லை, விளையாடவில்லை. நிஜமாகவே சாப்பிடுகிற சோறுதானா, தனக்காக வைத்த சோறா என்று அவருக்குத் தெரியவேண்டும். அம்மா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்தவர் நின்றுகொண்டிருக்க, வந்தவரை ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று கேட்காமல், அம்மா தனியாகச் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டாள். அந்தம்மா பேனாவும் நோட்டுமாக நின்று கடைசிப் பருக்கை வரை பார்த்தார். பிறகு செல்போனை எடுத்து அடுக்களையைப் படம் பிடித்தார். நான் சுவரில் சாய்ந்து நின்று என் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தட்டை எடுத்து வெளியே வீசியிருக்கவேண்டும். வீசவில்லை. எனக்கு அந்தச் சீட்டு வேண்டும்.

கிடைத்தது. ஜெனிக்கும் கிடைத்தது. கடைசித் தேதிக்கு முந்தின நாள் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா வைத்தார்கள். காசோலைகள் கல்லூரியின் பெயருக்குத்தான், ஆனால் மேடைக்குத் தாயும் மகளும் சேர்ந்து போகவேண்டும். போவதற்கு முன் மேடைத் திரையில் ஒவ்வொருவர் வீட்டு அடுக்களையின் படமும் பெரிதாக வரும். எங்கள் முறை வந்தது. ஆணி அடித்த சுவர், காலி அலமாரி, தட்டில் மிச்சமிருந்த நீச்சத்தண்ணீர். அந்தம்மா மைக்கைப் பிடித்தார்.

"இந்த வீட்டுல நான் பாத்தத எப்படிச் சொல்லுவேன்? நாலு உள்ளிதான்யா வச்சுருந்தாவ. நாலே நாலு உள்ளி…"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிக்கவில்லை, நிஜமாகவே அழுதார். அதுதான் எனக்கு இன்றுவரை பொறுக்காதது. எங்கள் வீட்டை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவரே அதைப் பார்த்து அழுதார். மண்டபமே கைதட்டியது. மேடையில் அம்மா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள். யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் திரையைப் பார்த்துக் கும்பிட்டாள். என்னோடு அந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்த பெண்களில் பலபேர் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். முதல் வருஷம் முழுக்க எனக்கு 'நாலு உள்ளி' என்றுதான் பேர்.

நியாயமாகச் சொல்லவேண்டுமென்றால் ஒரே ஒரு நாள் எனக்கு அவரைப் பிடித்தது. நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அறக்கட்டளைப் பிள்ளைகளைப் பார்க்கிறேன் என்று கல்லூரி விடுதிக்கு வந்தார். முதல்வர் அறையில் நாற்காலி போட்டு இளநீர் வெட்டிவைத்திருந்தார்கள். அவர் எங்கே உட்கார்ந்தார்? குடையை ஊன்றிக்கொண்டு நேராக விடுதி அடுக்களைக்குள் போய்விட்டார். வார்டன் பின்னாலேயே ஓடினார். பேனாவால் சாம்பார் அண்டாவின் மூடியை நெம்பினார். மேலே புழு மிதந்தது. அரிசி மூட்டையைக் குத்திப் பார்த்தார், வண்டு.

"ஏ, இதத் தின்னுட்டா இதுக நாளைக்கு நோயாளியப் பாக்கப் போவுதுக? இதுகளே படுத்துரும்லா!"

அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டச் சொன்னார். சமையல்காரர் எதிர்த்துப் பேச வாயெடுத்தார். "எனக்கு ஒண்ணும் சொல்லாண்டாம்" என்ற ஒரு வார்த்தையில் அடங்கிப்போனார். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எங்களுக்கு நல்ல சாப்பாடு கிடைத்தது. ஜெனி அன்றைக்குச் சொன்னாள்: "இவியள நம்ம வீட்டுக்கு அனுப்பாம இங்கனயே வச்சுக்கிட்டா எவ்வளவு நல்லாருக்கும்." நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் ஒரு பைசா லஞ்சம் வாங்காதவர். வெயிலில் பஸ் ஏறித்தான் எல்லா ஊருக்கும் போவார். இதையும் சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்த உதவி ஒருமுறையோடு முடிகிறதில்லை. ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்கவேண்டும். புதுப்பிக்க மறுபடி அவர் வரவேண்டும், எப்போது என்று சொல்லாமல். ஆக நான்கு வருஷமும் எங்கள் வீடு அந்தப் படத்தில் இருந்த மாதிரியே இருக்கவேண்டியிருந்தது. பாத்திமா அக்கா வீட்டில் புது ஃப்ரிட்ஜ் வந்தபோது பழையதை எங்களுக்குச் சும்மா தருகிறேன் என்றார். வேண்டாம் என்றோம். ஒரு கோடையில் அப்பா வெக்கை தாங்காமல் மாதத் தவணையில் ஒரு மின்விசிறி வாங்கிவந்தார். அம்மா அதைப் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அக்னி நட்சத்திரம் முழுவதும் அது அங்கேதான் கிடந்தது. அப்பா பட்டறை வாசலில் சாக்கை விரித்துத் தூங்கினார். கூலி கொஞ்சம் ஏறியது, நல்ல மீன் வாங்கமுடிந்தது, வாங்கவில்லை. ஏழையாக இருந்தபோது எங்களுக்கு இப்படிப் பயமில்லை. ஏழையாகத் தெரியவேண்டும் என்று ஆனபிறகுதான் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டாலே அம்மா அடுப்பை அணைக்க ஓட ஆரம்பித்தாள்.

அவருக்கும் ஒரு கதை இருக்கும். சின்ன வயதில் அவரையும் யாராவது இப்படி நிற்கவைத்துப் பார்த்திருப்பார்கள், அதனால்தான் இப்படி ஆனார் என்று ஜெனி ஒரு தடவை சொன்னாள். ஜெனி நல்லவள். நான் அவ்வளவு நல்லவள் இல்லை. அவருடைய கதையைத் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. கடைசியாக நான் கேள்விப்பட்டது, அறக்கட்டளையை விட்டு விலகி மகனோடு வெளியூருக்குப் போய்விட்டார் என்று. அங்கே மருமகள் அடுக்களையில் என்ன பாடு படுகிறாளோ.

படிப்பு முடிந்து இப்போது ஆறு வருஷம். நான் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். பேட்டையிலேயே கொஞ்சம் பெரிய வீட்டுக்கு மாறியிருக்கிறோம். ஃப்ரிட்ஜ், கிரைண்டர், சோபா எல்லாம் இருக்கிறது. அப்பா வேலையை விட்டுவிட்டார். அம்மாவைப் பீடி சுற்றவேண்டாம் என்று நிறுத்திவிட்டேன்.

போன மாதம் என்னோடு வேலைபார்க்கிற ஒருத்தியை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூட்டிவந்தேன். திடீரென்றுதான், முன்கூட்டிச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் வீட்டுக்குப் போன் செய்து, "அம்மா, ஒரு ஆள் வருது" என்று மட்டும் சொன்னேன். அதுதான் நான் செய்த பிழை. பத்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஃப்ரிட்ஜின்மேல் ஒரு பழைய சேலை கிடந்தது. மிக்ஸியைக் காணவில்லை. காலையில் நான் கிளம்பும்போது அம்மா ஆட்டுக்கறி கழுவிக்கொண்டிருந்தாள், இப்போது வீட்டில் ஊதுபத்திப் புகைதான் மண்டியிருந்தது. சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. கறிச்சட்டி கொல்லைப்புறத்தில், வாளியைக் கவிழ்த்து மூடியிருந்தது. அப்பா கொல்லை வாசலில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா" என்றாள் அம்மா தோழியிடம். ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதோடு சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

நான் அம்மாவை உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"அம்மா, அவ உதவி கொடுக்க வரல்ல. விசாரிக்க வரல்ல. என்கூட வேலை பாக்கிறவ. சாப்பிட வந்துருக்கா. சாப்பிட மட்டும்."

அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எல்லாரும் மொதல்ல சாப்பிடத்தாம்ளா செய்யுதாவ" என்றாள். "எழுதுதது பொறவுதான்."